எச்ஓ லேஅவுட்டுக்கு எந்த ஒயர்? ஷார்ட் ஆனால் பூஸ்டருக்குத் தெரிய வேண்டும்

வீட்டு மேசையில் மாடல் ரயில் லேஅவுட் போடும் நண்பர் ஒருவர் கோவையிலிருந்து கேட்டிருக்கிறார்: "12 அடிக்கு 5 அடி மேசையில் எச்ஓ அளவில் இரட்டைப் பாதை ஓவல் ஒன்று போடுகிறேன். 5 ஆம்பியர் டிசிசி சிஸ்டம் வாங்கிவிட்டேன். வீட்டு வயரிங்கில் மீந்த 1 ஸ்கொயர் ஒயர் பாதிச் சுருள் இருக்கிறது. பழைய ஸ்பீக்கர் ஒயரும் நிறைய இருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கேட்டால் 1 ஸ்கொயரே பத்து ஆம்பியர் தாங்கும் என்கிறார். இருப்பதை வைத்தே முடித்துவிடலாமா? டிராக்கில் எத்தனை இடத்தில் ஒயர் கொடுக்க வேண்டும்?"

புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: எச்ஓ என்பது மாடல் ரயிலின் ஓர் அளவு. டிசிசி என்றால் தண்டவாளம் வழியாக மின்சாரத்தோடு ரயிலுக்குக் கட்டளையும் அனுப்பும் டிஜிட்டல் முறை, அதில் டிராக்குக்கு மின்சாரம் தரும் பெட்டிதான் பூஸ்டர். ஸ்கொயர் என்பது ஒயருக்குள் இருக்கும் செம்பின் குறுக்குப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில் (ச.மி.மீ.). இனி பதிலைச் சொல்லிவிடுகிறேன். மேசைக்கு அடியில் ஓடும் தடித்த ஜோடி ஒயரை பஸ் என்பார்கள். உங்கள் மேசைக்கு அது 1.5 ஸ்கொயர் செம்பு ஒயராக இருக்கட்டும். பின்னாளில் லேஅவுட்டைப் பக்கத்துச் சுவர்வரை நீட்டும் எண்ணம் இருந்தால் இப்போதே 2.5 ஸ்கொயர் போட்டுவிடுங்கள். பஸ்ஸிலிருந்து பிரிந்து தண்டவாளத்துக்கு ஏறும் மெல்லிய ஒயருக்கு ஃபீடர் என்று பெயர். அது 0.5 ஸ்கொயர், நீளம் ஒரு அடிக்குள். ஃபிளெக்ஸி டிராக் எனப்படும் வளைக்கக்கூடிய மூன்றடி டிராக் துண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி ஃபீடர். கையிலிருக்கும் 1 ஸ்கொயரை, ரயிலைப் பாதை மாற்றிவிடும் பாயிண்ட்களின் மோட்டார்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் ஒயரை மட்டும் டிராக்குக்குக் கொண்டுவர வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், ஏனென்றால் அதே தவறை நான் செய்திருக்கிறேன்.

எலக்ட்ரீஷியன் சொன்னது பொய் இல்லை. 1 ஸ்கொயர் ஒயர் பத்து ஆம்பியரைச் சூடேறாமல் தாங்கும். ஆனால் அவர் பார்ப்பது 230 வோல்ட் வீட்டை. அங்கே ஒயரில் ஒரு வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது, ஃபேன் அதே வேகத்தில் சுற்றும். நம் டிராக்கில் இருப்பதே 14, 15 வோல்ட்தான். வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைத்து ஓட்டும் பழைய டிசி முறையென்றால் 12. இங்கே ஒரு வோல்ட் போனால் ரயில் வளைவில் மூச்சு வாங்குவது கண்ணுக்குத் தெரியும். ஆகவே "எத்தனை ஆம்பியர் தாங்கும்" என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, "வழியில் எத்தனை வோல்ட் தின்னும்" என்று கேட்க வேண்டும்.

கணக்கு எளிதுதான். பல இழை கொண்ட ஃபிளெக்ஸிபிள் செம்பு ஒயரின் மின்தடைக்குத் தரநிலையில் ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். 20 டிகிரியில் 0.5 ஸ்கொயருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 39 ஓம், 1 ஸ்கொயருக்கு 19.5, 1.5 ஸ்கொயருக்கு 13.3, 2.5 ஸ்கொயருக்கு 7.98. ஒரு மீட்டருக்கு என்றால் அதே எண்கள் மில்லி ஓமில். உங்கள் மேசையின் சுற்றளவு ஏறத்தாழ 10 மீட்டர். பூஸ்டரை ஒரு நீளப் பக்கத்தின் நடுவில் வைத்து, பஸ்ஸை இடமும் வலமுமாக இரண்டு கைகளாகப் பிரித்தால் ஒரு கைக்கு அதிகபட்சம் 5 மீட்டர். கரண்ட் போய்த் திரும்பி வர வேண்டும் என்பதால் கணக்குக்கு 10 மீட்டர். இதைப் பலர் மறந்துவிட்டு ஒரு வழியை மட்டும் கணக்கிடுவார்கள்.

5 ஆம்பியர் முழுவதும் கடைசி முனையில் இழுக்கப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், 1 ஸ்கொயரில் 0.98 வோல்ட் போகும், 1.5-இல் 0.67, 2.5-இல் 0.4. ஃபீடருக்குச் சொன்ன 0.5 ஸ்கொயரையே பஸ்ஸாகப் போட்டால் 1.95 வோல்ட். உண்மையில் 5 ஆம்பியரும் ஒரே முனையில் ஓடாது. இன்றைய எச்ஓ லோகோ ஒன்று கால் முதல் அரை ஆம்பியர் இழுக்கும், பழைய மோட்டார் உள்ளது ஒரு ஆம்பியர் வரை போகும். இரண்டு மூன்று ரயில், பெட்டிகளுக்குள் விளக்கு என்றாலும் 2 ஆம்பியரைத் தாண்டுவது அரிது. அப்படிப் பார்த்தால் உங்கள் 1 ஸ்கொயரே போதுமே என்று தோன்றும். ரயில் ஓட மட்டும் என்றால் போதும்தான்.

ஆனால் ரயில் நன்றாக ஓடுவது ஒயரின் முதல் வேலை என்று நான் நினைப்பதில்லை. டிசிசியில் ஒயரின் முதல் வேலை, எங்கே ஷார்ட் ஆனாலும் அதை உடனே பூஸ்டருக்குத் தெரிவிப்பது. ரயில் தடம் புரளும்போது சக்கரம் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். பூஸ்டர் அதை அறிந்து கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அது எப்படி அறியும்? கரண்ட் 5 ஆம்பியரைத் தாண்டினால்தான் அறியும். 15 வோல்ட்டை 5-ஆல் வகுத்தால் 3 ஓம். அதாவது பூஸ்டரிலிருந்து ஷார்ட் ஆன இடம்வரை போய்த் திரும்பும் வழியின் மொத்தத் தடை 3 ஓமைத் தொட்டால், கரண்ட் 5 ஆம்பியருக்குமேல் ஏறவே வழியில்லை. பூஸ்டர் "நாலைந்து ரயில் ஓடுகிறது போல" என்று எண்ணி, சாதாரணமாக மின்சாரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் பாய்வது ஏறத்தாழ 70 வாட், ஒரு பெரிய சோல்டரிங் அயனின் சூடு. அது ஒயரிலும், தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஜாயினரிலும், சக்கரம் தொடும் அந்தச் சின்னப் புள்ளியிலும் இறங்கும்.

என் முதல் லேஅவுட் மொட்டைமாடி அறையில் இருந்தது. பஸ் முழுக்க ஸ்பீக்கர் ஒயர். ஜன்னல் பக்கம் போனால் ரயில் வேகம் குறையும். முதலில் தண்டவாளத்தைத் துடைத்தேன், சக்கரத்தைத் துடைத்தேன், அப்புறம் லோகோவைப் பிரித்து மோட்டாருக்கு எண்ணெய்கூட விட்டேன். மல்ட்டிமீட்டரை வைத்தால் ஜன்னல் பக்கமும் முழு வோல்ட்டேஜ் காட்டியது, அதனால் ஒயரைச் சந்தேகிக்கவே இல்லை. ஒரு மாலை, அந்தப் பக்கத்துப் பாயிண்ட்டில் ஒரு சரக்குப் பெட்டி தடம் புரண்டு நின்றது. நான் கீழே தேநீர் எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அறை முழுக்கப் பிளாஸ்டிக் கருகும் வாடை. பூஸ்டரின் விளக்கு பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது. பின்னால் நின்ற லோகோவின் முன் போகியில் (சக்கரங்களைத் தாங்கும் அடிப்பகுதி) பக்கச் சட்டம் மெழுகுபோல் உருகி, சக்கர அச்சு ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. அதற்கு மாற்றுப் பாகம் வரவழைக்கவே மாதக்கணக்கில் ஆனது.

மல்ட்டிமீட்டர் ஏன் என்னை ஏமாற்றியது என்று அதன்பிறகுதான் புரிந்தது. கரண்ட் ஓடாதபோது ஒயரில் வோல்ட்டேஜ் இறங்காது. சுமை எதுவும் இல்லாமல் அளந்தால், தலைமுடி கனத்தில் ஒயர் போட்டிருந்தாலும் முழு வோல்ட்டேஜ்தான் காட்டும். சுமை கொடுத்து அளக்க வேண்டும். அதற்குச் சிறந்த கருவி காரின் பிரேக் லைட் பல்ப், 12 வோல்ட் 21 வாட். எந்த ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும். அதில் இரண்டு ஒயரைப் பற்றவைத்து, முனையில் முதலைக் கிளிப் மாட்டிக்கொள்ளுங்கள். தண்டவாளத்தில் மாட்டினால் இரண்டு ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். பல்ப் எரியும்போது அதே இடத்தில் மீட்டரை வையுங்கள். நான் அப்படி அளந்தபோது பூஸ்டர் முனையில் 14.5 வோல்ட், ஜன்னல் பக்கத்தில் 10-ஐக்கூடத் தொடவில்லை. கணக்குப் போட்டால் வழியில் ஏறத்தாழ 3 ஓம். ஷார்ட் தெரியாமல் போனதற்குக் காரணம் அதுதான். டிசிசி அலை நேர்மின்சாரம் இல்லை என்பதால் சாதாரண மீட்டர் காட்டும் எண் துல்லியமாக இருக்காது. மீட்டரை ஏசி பக்கம் வைத்து, ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பாருங்கள், அது போதும்.

அந்த ஸ்பீக்கர் ஒயரை வெட்டிப் பார்த்தேன். இழைகள் மேலே செம்பு நிறம். பிளேடால் ஒரு இழையை மெல்லச் சுரண்டினால் உள்ளே வெள்ளை. அலுமினியத்தின்மேல் செம்பு பூசியது. இந்த வகை ஒயருக்கு, அதே தடிமனுள்ள செம்பைப்போல் ஒன்றரை மடங்குக்குமேல் தடை உண்டு. ஸ்பீக்கர் ஒயரிலும் மலிவான ஒயர்களிலும் இது சாதாரணமாகப் புழங்குகிறது, கவரில் எழுதியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இருப்பதாகத் தெரியவில்லை. கையில் தூக்கினாலே எடை குறைவாக இருக்கும். நாலைந்து முறை முன்னும் பின்னும் மடக்கினால் சட்டென்று முறியும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஈயம் பூசிய செம்பு ஒயர் என்று ஒன்று உண்டு, அது மேலே வெள்ளையாக இருக்கும், சுரண்டினால் உள்ளே சிவப்பு. அது நல்ல ஒயர், தாராளமாக வாங்கலாம். வெளியே என்ன நிறம் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், சுரண்டிப் பாருங்கள்.

வாங்கும்போது எந்தப் பெயரில் கேட்பது என்ற குழப்பம் எல்லாருக்கும் வரும். நம் பொழுதுபோக்கைப் பற்றிய புத்தகங்களும் வீடியோக்களும் பெரும்பாலும் அமெரிக்கா அல்லது இங்கிலாந்திலிருந்து வருபவை. அமெரிக்கர்கள் கேஜ் எண்ணில் பேசுவார்கள், அதில் எண் ஏற ஏற ஒயர் மெலியும். அவர்கள் 14 கேஜ் பஸ் என்றால் அது 2.08 ச.மி.மீ., 16 கேஜ் என்றால் 1.31, ஃபீடருக்குச் சொல்லும் 20 கேஜ் 0.52, 22 கேஜ் 0.33. நம் ஊர் எலக்ட்ரிகல் கடையில் ஸ்கொயர் கணக்குதான், "ஒன்னரை ஒயர்", "ரெண்டரை ஒயர்" என்றால் எடுத்துத் தருவார்கள். முழுச் சுருள் 90 மீட்டர். உங்களுக்கு இரண்டு நிறத்தில் பன்னிரண்டு பன்னிரண்டு மீட்டர் போதும், மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் கடையாகப் பாருங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில், சென்னை ரிச்சி தெருவைப் போன்ற இடத்தில், இன்னொரு கணக்கு இருக்கிறது: 7/36, 14/36, 23/36. முதல் எண் இழைகளின் எண்ணிக்கை. இரண்டாவது எண் பழைய பிரிட்டிஷ் கேஜ், 36 என்றால் ஒரு இழை 0.193 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் 7/36 ஏறத்தாழ 0.2 ஸ்கொயர், 14/36 என்றால் 0.4, 23/36 என்றால் 0.67. ஃபீடருக்கு 14/36-உம் சரி, 23/36-உம் சரி. அமெரிக்க கேஜ் எண்ணை இங்கே கடையில் சொன்னால் பிரிட்டிஷ் கேஜ் என்று நினைத்து வேறொன்றைத் தந்துவிடுவார்கள். ஆகவே ச.மி.மீ. கணக்கிலேயே பேசுவது நல்லது.

ஒற்றைக் கம்பியா, பல இழையா? பஸ்ஸுக்கு இரண்டும் ஒன்றுதான். மேசைக்கடியில் ஆணியடித்ததுபோல் அசையாமல் கிடக்கப் போகிறது. ஃபீடருக்கு ஒற்றைக் கம்பி ஒருவகையில் வசதி, வளைத்த இடத்தில் நிற்கும். ஆனால் தூக்கி வைக்கும் பாலம், கழற்றிச் சேர்க்கும் மேசைத் துண்டு என்று அசையும் இடம் எதுவாக இருந்தாலும் பல இழைதான். ஒற்றைக் கம்பி ஆடி ஆடி உள்ளுக்குள்ளேயே முறிந்து, வெளியே பிளாஸ்டிக் உறை முழுசாக இருக்கும். எங்கே விட்டது என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போய்விடும்.

இனி ஃபீடர். உங்கள் இரண்டாவது கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது, பஸ்ஸைவிட இதில்தான் லேஅவுட் பிழைப்பதும் கெடுவதும். தண்டவாளம் பார்க்கத் தடிமனான உலோகம், அதுவே நல்ல ஒயர்தானே என்று தோன்றும். இல்லை. அது நிக்கல் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும். அதன் மின்தடை சுத்தமான செம்பைப்போல் பத்து மடங்குக்கு மேல். இதற்குமேல் ஜாயினர் வேறு. தண்டவாளங்களை நேர்கோட்டில் பிடித்து வைப்பதற்காகச் செய்த தகட்டு மடிப்பு அது. புதிதில் இறுக்கமாக இருக்கும், கரண்ட் நன்றாகப் போகும். ஆறு மாதம் கழித்து, பெயின்ட் அடித்து, ஜல்லியை ஒட்டப் பசை ஊற்றி, கடற்கரை ஊர் என்றால் ஈரக்காற்றும் சேர்ந்தபிறகு, அதே ஜாயினர் ஒன்று அரை ஓம் காட்டலாம், அடுத்தது கரண்டே விடாமல் போகலாம். அதனால் ஜாயினரை மின்பாதையாகக் கணக்கில் எடுக்கவே கூடாது என்பது என் கட்சி. ஒவ்வொரு தண்டவாளத் துண்டும் ஒரு ஒயரால் நேராக பஸ்ஸோடு பேச வேண்டும்.

ஃபிளெக்ஸி டிராக் ஒன்று 914 மி.மீ., சரியாக ஒரு கஜம். உங்கள் ஓவல் ஒன்றுக்குப் பத்துத் துண்டு வரும், இரண்டு ஓவலுக்கு இருபது. துண்டுக்கு ஒரு ஜோடி என்றால் நாற்பது ஒயர். கேட்கும்போதே கை வலிக்கும், தெரியும். பாதியாக்க ஒரு வழி உண்டு. வளைவு வரும் இடங்களில் இரண்டு துண்டுகளை நேராக இருக்கும்போதே ஜாயினரோடு பற்றவைத்துவிட்டு, அப்புறம் வளையுங்கள். வளைவில் மூட்டு முட்டி நிற்கும் தொல்லையும் தீரும். அந்த இரட்டைத் துண்டுக்கு நடுவில் ஒரு ஜோடி ஃபீடர் போதும். ஆனால் நேர்ப்பாதையில் எல்லா மூட்டையும் பற்றவைத்துவிடாதீர்கள். மார்கழி விடியலுக்கும் சித்திரை மதியத்துக்கும் அறையின் வெப்பம் 15, 20 டிகிரி மாறும். நாலு மீட்டர் நீளத் தண்டவாளம் அதற்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும், அடியில் உள்ள மரப்பலகை மழைக்காலத்தில் தன் பங்குக்கு உப்பும். நீள இடமில்லாவிட்டால் டிராக் பாம்புபோல் நெளிந்துவிடும். நேர்ப்பாதையில் ஒன்றுவிட்டு ஒரு மூட்டில் ஒரு விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விட்டு, இரு பக்கத்துக்கும் தனித்தனி ஃபீடர் கொடுங்கள்.

ஃபீடர் மெல்லியதாக இருந்தால் கெட்டுவிடாதா என்று கேட்பீர்கள். நீளம் குறைவு என்பதால்தான் தப்பிக்கிறது. 0.5 ஸ்கொயர், 30 செ.மீ., போக வர 60 செ.மீ. என்றால் மொத்தத் தடை 23 மில்லி ஓம். ஷார்ட் ஆகி 5 ஆம்பியர் ஓடினாலும் 0.12 வோல்ட்தான் போகும். எச்ஓவுக்குப் பதில் அதைவிடச் சிறிய 'N' ஸ்கேல் போடுபவர்கள், தடித்த ஒயர் அந்தக் குட்டித் தண்டவாளத்தில் அசிங்கமாகத் தெரியும் என்பதால், மெல்லிய 7/36 போடுவார்கள். அதுவும் ஒரு அடிக்குள் என்றால் தப்பில்லை. மெல்லிய ஒயரை இரண்டு மூன்று மீட்டர் இழுத்துக்கொண்டு போவதுதான் தப்பு. ஆகவே பஸ்ஸைத் தண்டவாளத்துக்கு நேர் கீழேயே கொண்டுபோங்கள். மேசையின் ஓரமாக அழகாக ஒரே கோட்டில் அடித்துவிட்டு, ஃபீடரை நீளமாக இழுப்பவர்கள் நிறையப் பேர். பார்வைக்கு நன்றாக இருக்கும், மின்சாரத்துக்கு நல்லதில்லை.

தண்டவாளத்தில் பற்றவைப்பதுதான் பலரைப் பயமுறுத்துகிறது. ஸ்லீப்பர் உருகிவிடும் என்ற பயம். பயந்து 25 வாட் சின்ன அயனை எடுப்பார்கள், உண்மையில் ஸ்லீப்பரை உருக்குவதே அதுதான். தண்டவாளம் சூட்டை உறிஞ்சி இரு பக்கமும் அனுப்பிவிடும், சின்ன அயன் அரை நிமிடம் அழுத்தினாலும் ஈயம் இளகாது, அதற்குள் பக்கத்து ஸ்லீப்பர்கள் எல்லாம் சூடாகிவிடும். 60 வாட் அயன், அகலமான முனை, இரண்டு நொடி. இதுதான் வழி. நான் செய்யும் முறை இது: பார்வையாளர் நிற்கும் பக்கத்துக்கு மறுபுறத்தில், தண்டவாளத்தின் பக்கவாட்டை இரண்டு ஸ்லீப்பருக்கு நடுவில் சின்ன அரத்தால் நாலு இழுப்பு இழுப்பேன், பளபளப்பு தெரியும்வரை. இரு பக்கமும் ஈரப் பஞ்சுத் துண்டு. ஈயம் ஒட்ட உதவும் ரோசின் ஃப்ளக்ஸ் ஒரு பொட்டு. அயனை வைத்து 60/40 ஈயத்தைத் தொட்டால், அது தண்ணீர்போல் உலோகத்தின்மேல் பரவ வேண்டும், முத்துப்போல் உருண்டு நின்றால் சுத்தம் போதவில்லை என்று பொருள். ஒயர் முனைக்கும் தனியே ஈயம் பூசி, எல் வடிவில் மடக்கி, தண்டவாளத்தோடு ஒட்டிப் பிடித்து அயனால் ஒரு தொடு. இரண்டு ஈயமும் கலந்து ஒரு கணம் பளபளக்கும். அயனை எடுத்துவிட்டு ஐந்து நொடி கை அசையாமல் பிடியுங்கள். ஆறியதும் ஒயரை இழுத்துப் பாருங்கள். நல்ல மூட்டு என்றால் தண்டவாளமே கையோடு வரும், ஒயர் வராது. தகரம் பற்றவைக்கும் ஆசிட் ஃப்ளக்ஸை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். அன்றைக்கு வேலை எளிதாக முடியும், ஒரு வருடத்தில் ஒயர் பச்சை பூத்து அறுந்துபோகும், அதற்குள் மேலே ஜல்லி ஒட்டியிருப்பீர்கள்.

மேசைக்கடியில் ஃபீடரை பஸ்ஸோடு சேர்ப்பதற்கு, பஸ்ஸின் உறையை ஒரு செ.மீ. உரித்து, ஃபீடரைச் சுற்றிப் பற்றவைப்பதே எனக்குப் பிடித்த வழி. மல்லாந்து படுத்துக்கொண்டு தலைக்குமேல் பற்றவைப்பது கண்ணுக்கு ஆபத்து, சூடான ஈயம் சொட்டும். கண்ணாடி போடாமல் செய்யவே கூடாது. முடிந்தால் மேசையைப் பக்கவாட்டில் சாய்த்து நிறுத்திச் செய்யுங்கள். அது முடியாதவர்கள் நெம்புகோல் வைத்த வாகோ கனெக்டர் அல்லது திருகு வைத்த கனெக்டர் ஸ்ட்ரிப் பயன்படுத்தலாம். திருகுக் கனெக்டரில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இழைகள் பிரிகின்றனவே என்று முனைக்கு ஈயம் பூசித் திருகுக்குள் விடுவது இங்கே எல்லாரும் செய்யும் பழக்கம். ஈயம் மென்மையானது. திருகின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி, சில மாதத்தில் பிடி தளர்ந்துவிடும். அதற்குப் பதில் முனையில் 'பின் லக்' என்ற சின்ன உலோக முனை ஒன்றை அழுத்திவிட்டு உள்ளே விடுங்கள், அல்லது வெறும் இழைகளை முறுக்கி அப்படியே விடுங்கள்.

பஸ்ஸின் இரண்டு ஒயர்களையும் முறுக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். டிசிசியில் தண்டவாளத்தில் ஓடுவது மின்சாரமும் கட்டளையும் சேர்ந்த ஒன்று. வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாறும், 1 என்ற பிட்டின் ஒரு பாதி 58 மைக்ரோ நொடிதான். நீளமான இரண்டு ஒயர்கள் விலகி விலகி ஓடினால் அவற்றின் தூண்டல் கூடி, அலையின் விளிம்பு சிதையும், ஷார்ட் ஆகி அறுபடும் கணத்தில் வோல்ட்டேஜ் எகிறும், லோகோவுக்குள் கட்டளையைப் படிக்கும் டிகோடர் பாவம். ஒரு அடிக்கு மூன்று நான்கு முறுக்கு போட்டால் இது அடங்கும். உங்கள் 5 மீட்டர் கைக்கு முறுக்காவிட்டாலும் பெரிய கேடில்லை, ஆனால் காசு செலவில்லாத காரியம், முறுக்கிவிடுங்கள். 9, 10 மீட்டரைத் தாண்டினால் முறுக்குவது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், கடைசி முனையில் 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரும் தொடராக இணைத்து இரண்டு ஒயர்களுக்கும் குறுக்கே போடுவார்கள். அப்புறம், இரண்டு கைகளின் முனைகளையும் சேர்த்து வட்டமாக்க வேண்டாம், திறந்தே இருக்கட்டும். டிசி முறையில் ஓட்டுபவர்களுக்கு இந்த முறுக்கு எதுவும் தேவையில்லை, பெரும்பாலான டிசி கன்ட்ரோலர் ஒரு ஆம்பியர்தான் என்பதால் அவர்களுக்கு 1 ஸ்கொயரே தாராளம். பல பிரிவுகளுக்கும் பொதுவாக ஒரே திரும்பும் ஒயர் வைத்திருந்தால் மட்டும், எல்லாக் கரண்ட்டும் அதில் சேர்கிறது என்பதால், அந்த ஒன்றைத் தடிமனாகப் போட வேண்டும்.

பாயிண்ட் மோட்டாருக்கு டிராக் பஸ்ஸிலிருந்து எடுக்காமல் தனியே ஒரு ஜோடி ஒயர் ஓட்டுங்கள். படக்கென்று அடிக்கும் காயில் வகை மோட்டார், நொடியில் ஒரு சிறு பங்கு நேரத்துக்கு மூன்று நான்கு ஆம்பியர் கேட்கும். மெல்லிய ஒயர் கொடுத்தால் பாதி அடித்து நடுவில் நிற்கும். பாயிண்ட் பாதியில் நின்றால் பெட்டி தடம் புரளும், புரண்டால் என்ன ஆகும் என்று மேலே சொன்னேன். உங்கள் 1 ஸ்கொயருக்கு இது சரியான வேலை. மெல்ல நகரும் மோட்டார் வகைக்கு 20 மில்லி ஆம்பியருக்குள் போதும், அதற்கு 7/36 போதும், பழைய நெட்வொர்க் கேபிளைப் பிரித்து எடுத்த ஒயர்கூடப் போதும். எல்இடி விளக்குகளுக்கும் அதேதான்.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளித் தண்டவாளம் சிவப்பு, உள் தண்டவாளம் கறுப்பு என்றோ வேறு எப்படியோ முதலிலேயே முடிவுசெய்து, மேசையின் அடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். பாயிண்ட்டுக்கு மஞ்சளும் நீலமும். பச்சை நம் வீடுகளில் எர்த்துக்கு உரியது, அதை எதற்கும் எடுக்காதீர்கள். வீட்டு ஒயரையே பயன்படுத்துகிறோம் என்பதால் இன்னொரு ஆபத்தும் உண்டு: மேசைக்கடியில் கிடப்பதைப் பார்த்தால் 230 வோல்ட் ஒயர் போலவே இருக்கும். ஆகவே சுவர் பிளக்கில் பொருந்தக்கூடிய டூ-பின் பிளக் எதையும் டிராக் ஒயருக்கு மாட்டாதீர்கள். வீட்டில் குழந்தை இருந்தால் ஒரு நாள் அதைச் சுவரில் சொருகிப் பார்க்கும். பவர் சப்ளையின் 230 வோல்ட் முனைக்கு மூடியுள்ள வகையாக வாங்குங்கள், அந்த ஒயரும் டிராக் ஒயரும் ஒரே குழாய்க்குள் போகக் கூடாது.

எல்லாம் முடிந்தபிறகு, பெயின்ட்டும் ஜல்லியும் போடுவதற்கு முன்னால், சோதனை. லோகோ, பெட்டி எல்லாவற்றையும் டிராக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். பூஸ்டரைப் போட்டுவிட்டு ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். எச்ஓ டிராக்கின் அகலம் 16.5 மி.மீ., நாணயம் அதைத் தாண்டி உட்காரும். வைத்த கணத்தில் பூஸ்டர் அறுபட வேண்டும், அதாவது மின்சாரத்தை நிறுத்த வேண்டும். எடுத்தால் தானாகத் திரும்பி வர வேண்டும். ஒவ்வொரு டிராக் துண்டிலும், ஒவ்வொரு பாயிண்ட்டின் மூன்று கால்களிலும், ஒதுக்குப் பாதையின் கடைசி முனையிலும் வைத்துப் பாருங்கள். அறுபடாமல் இருந்தால் உடனே நாணயத்தை எடுத்துவிடுங்கள், விரலால் எடுக்காமல் ஒரு ஐஸ் குச்சியால் தட்டிவிடுங்கள், சூடாக இருக்கும். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு குறி போட்டுவைத்து அடுத்த துண்டுக்குப் போங்கள்.

குறி போட்ட இடங்களில் பல்பையும் மீட்டரையும் வைத்துப் பின்னோக்கி வாருங்கள், முதலில் தண்டவாளம், அடுத்து ஃபீடரின் அடி, அடுத்து பஸ். பல்ப் எரியும்போது எந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் வோல்ட்டேஜ் அரை வோல்ட்டுக்குமேல் குதிக்கிறதோ, அங்கேதான் கெட்ட மூட்டு. என் இரண்டாவது லேஅவுட்டில் நாற்பத்திரண்டு இடத்தில் நாணயம் வைத்தேன், இரண்டு இடத்தில் பூஸ்டர் அறுபடவில்லை. ஒன்று பற்றவைப்பு சரியாகப் பிடிக்காத ஃபீடர், இன்னொன்று ஃபீடரே கொடுக்க மறந்துபோன ஒரு சாண் துண்டு, இரண்டு பக்கமும் ஜாயினரை நம்பி நின்றது. இரண்டையும் சரிசெய்ய அரை மணி நேரம் ஆனது. அந்த லேஅவுட்டில் இன்றுவரை எத்தனையோ முறை பெட்டி புரண்டிருக்கிறது, ஒவ்வொரு முறையும் பூஸ்டர் உடனே அறுபட்டிருக்கிறது.